டேங்கரில் போனது... பாட்டிலில் வந்தது!

சிசிலித் தீவின் ஒரு மூலை. படிப்பு முடித்த கையோடு, ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் திராட்சைத் தோட்டத்தோடு களத்தில் இறங்கினார் ஒரு பெண். அவர் வடித்த சிவப்பு ஒயினை இன்று பல நாட்டு ரசிகர்கள் தேடி வாங்குகிறார்கள். அந்த ஊர் நானூறு வருஷமாக ஒயின் செய்கிற ஊர்தான். அப்புறம் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? இருக்கிறது!

சிசிலி என்றதும் நம் ஆசாமிகளுக்கு ஞாபகம் வருவது மூன்று. ஒன்று, எட்னா எரிமலை. இரண்டு, மாஃபியா. மூன்று, கன்னம் உப்பிய மார்லன் பிராண்டோ. அத்தோடு சரி. மேப்பில் இத்தாலி என்கிற பூட்ஸ் கால், ஃபுட்பாலை உதைக்கிற மாதிரி ஒரு தீவை உதைத்துக்கொண்டு நிற்கும் இல்லையா? அந்த ஃபுட்பால்தான் சிசிலி. அதன் தென்கிழக்கு மூலையில், கடலுக்கும் இப்ளேய் மலைக்கும் நடுவில் ஒரு ஊர். பெயர் விட்டோரியா.

பெயரே ஒரு சீமாட்டியின் பெயர்தான். விட்டோரியா கொலோன்னா என்கிற அம்மையார் 1607-ல் இந்த ஊரை உண்டாக்கினார். வெறும் காட்டில் ஊர் அமைத்தால் யார் குடிவருவார்கள்? அம்மையார் கில்லாடி. முதலில் வந்து குடியேறும் 75 பேருக்குத் தலா ஒரு ஹெக்டேர் நிலம் இலவசம் என்று அறிவித்தார். ஒரே ஒரு கண்டிஷன்: இன்னொரு ஹெக்டேரில் திராட்சை பயிரிட வேண்டும்.

இலவச அறிவிப்பு என்றால் கூட்டம் சேருவது எல்லா தேசத்திலும் உள்ள வழக்கம்தான் போலிருக்கிறது. ஜனங்கள் வந்தார்கள். கொடி வைத்தார்கள். ஊர் பிறக்கும்போதே திராட்சையோடு பிறந்தது.

* * *

ஊருக்கெல்லாம் உதவிய ஒண்டிக்காரன்

ஒரு சின்ன விஞ்ஞானம். வெயில் ஏற ஏறத் திராட்சையில் சர்க்கரை ஏறும். அந்தச் சர்க்கரையைத் தின்றுதான் ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் ஆல்கஹாலைத் தருகிறது. ஆக, வெயில் அதிகமுள்ள ஊர் ஒயினில் சரக்கு 'ஸ்ட்ராங்'காக இருக்கும். குளிர்ப் பிரதேசத்துத் திராட்சை சில வருஷம் சரியாகப் பழுக்காது. அந்த ஒயின் நீர்க்க, வெளுத்து, சோகையாக நிற்கும்.

சிசிலியில் வெயிலுக்குக் கேட்க வேண்டுமா?

அங்கேதான் வந்தது வினை. வட இத்தாலியிலும் பிரான்ஸிலும் இருந்த வியாபாரிகள், தங்கள் சோகை ஒயினுக்கு ரத்தம் ஏற்ற சிசிலி ஒயினை மொத்தமாக வாங்கினார்கள். 19-ம் நூற்றாண்டில் ஃபில்லாக்ஸெரா என்கிற வேர்ப்பூச்சி பிரான்ஸின் தோட்டங்களை மொட்டையடித்தபோது இந்த வியாபாரம் கொழித்தது. பிறகு அதே பூச்சி சிசிலிக்கும் வந்து சேர்ந்து, இங்கேயும் தோட்டங்களைக் காலி பண்ணியது தனிச் சோகம்.

இருபதாம் நூற்றாண்டிலும் கதை மாறவில்லை. சிசிலி ஒயின் டேங்கர்களில் ஏறி வடக்கே போகும். அங்கே வேறு ஒயினோடு கலக்கும். பாட்டிலில் அடைக்கும்போது லேபிளில் வேறு ஊர்ப் பெயர் இருக்கும். 'வெட்டுகிற ஒயின்' என்றே இதற்கு இத்தாலியில் பெயர். கலப்படத்துக்கு கௌரவப் பட்டம்! இதற்கு விலை வைத்ததும் எப்படித் தெரியுமா? மணமா, ருசியா என்று யாரும் மூக்கை நுழைத்துப் பார்க்கவில்லை. எத்தனை டிகிரி ஆல்கஹால், எத்தனை ஹெக்டோ லிட்டர்... பெருக்கு. அவ்வளவுதான் பில்.

ஆபீஸில் ஒரு ஆசாமி ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஃபைலைத் தயார் பண்ணுவார். காலையில் வேறொருத்தர் கையெழுத்துப் போட்டு, எம்.டி.யிடம் 'வெரிகுட்' வாங்கிக்கொண்டு போவார். அந்த முதல் ஆசாமியின் நிலைமைதான் சிசிலிக்கு. உழைப்பு இங்கே, பேர் அங்கே.

பேர் கிடைக்காத தொழிலில் எத்தனை நாள் இருப்பது? விட்டோரியா சுற்றுவட்டாரத்து விவசாயிகள் பலர் கொடியைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் கூடாரம் போட்டுத் தக்காளி பயிரிட ஆரம்பித்தார்கள். ஐரோப்பிய சமூகமும் 'ஒயின் உபரியாகிவிட்டது, கொடியைப் பிடுங்கினால் காசு தருகிறோம்' என்று திட்டம் போட்டது. நடுவதற்கு நிலம் கொடுத்துப் பிறந்த ஊரில், பிடுங்குவதற்குப் பணம்! விட்டோரியாவின் காய்கறி மார்க்கெட் பிரபலமானது. ஒயின்? யாரும் கேட்கவில்லை.

* * *

மூன்று இனிஷியல்கள்

1980. காலேஜ் வயசில் மூன்று நண்பர்கள். ஜாம்பத்திஸ்தா சீலியா, ஜூஸ்தோ ஒக்கிபின்டி, சிரினோ ஸ்த்ரானோ. விடுமுறையில் பொழுது போக வேண்டுமே? நம் பையன்கள் என்றால் கேரம் போர்டை எடுப்பார்கள். இவர்கள் சீலியா குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு பழைய ஒயின் கொட்டகையைத் திறந்தார்கள். சும்மா ஒரு வருஷம் செய்து பார்ப்போமே என்று திராட்சையைப் பறித்துப் பிழிந்தார்கள்.

கம்பெனிக்குப் பெயர் வேண்டும் என்று வந்தபோது ரொம்பவும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சீலியாவின் முதலெழுத்து, ஒக்கிபின்டியின் முதலெழுத்து, ஸ்த்ரானோவின் முதலெழுத்து. சேர்த்தால் 'கோஸ்'. முடிந்தது சமாசாரம்.

விடுமுறை விளையாட்டு வினையாகவில்லை, தொழிலாகிவிட்டது. எந்த ஒயினை மற்றவர்கள் டேங்கரில் அனுப்பினார்களோ, அதே ஊர் ஒயினை இவர்கள் பாட்டிலில் அடைத்து, லேபிளில் ஊர்ப் பெயரைப் போட்டார்கள்: 'செரசுவோலோ தி விட்டோரியா'. அதாவது விட்டோரியாவின் செர்ரி நிறத்தாள்! அந்த ஒயினுக்கு அரசாங்க அங்கீகாரம் 1973-லேயே கிடைத்திருந்தது. ஆனால் காகிதத்தில் அங்கீகாரம் இருப்பது வேறு, கடையில் ஆள் வந்து கேட்பது வேறு இல்லையா?

செர்ரி நிறத்தாளுக்கு இரண்டு திராட்சைகள் பெற்றோர். ஒன்று 'நேரோ தாவோலா'. ஆவோலா ஊர்க் கறுப்பன் என்று அர்த்தம். பெயருக்கேற்ற மாதிரி கறுப்பு, முரட்டு உடம்பு, தெம்பு. டேங்கர் வியாபாரிகளின் செல்லப்பிள்ளை. இன்னொன்று 'ஃப்ராப்பாட்டோ'. இது ஒல்லிப்பிச்சான். நிறம் கம்மி, உடம்பு லேசு, ஆனால் மணம்... அடடா! ஸ்ட்ராபெர்ரி, செர்ரி, காட்டுப் பூ என்று கிளாஸுக்கு மேலேயே ஒரு மல்லிகைக் கடை வைத்துவிடும். தெம்பை மட்டும் தேடியவர்கள் இந்த ஒல்லிப்பிச்சானைத் தனியாகக் கண்டுகொள்ளவே இல்லை. முரடனுக்குத் துணையாக ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

* * *

இருபது உயிர்கள் சொன்ன பாடம்

இந்த இடத்தில் ஒரு கறுப்பு அத்தியாயம்.

1986. வட இத்தாலியில் சில மொத்த வியாபாரிகளுக்கு மலிவாக 'டிகிரி' ஏற்ற ஒரு வழி தோன்றியது. சோகை ஒயினில் மெதனாலைக் கலந்தார்கள். ஆமாம், அதே மெதனால்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் சாராயத்தில் கலந்து 60 பேருக்கு மேல் பலி வாங்கிய அதே விஷம். இத்தாலியில் 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சிலருக்குக் கண் போனது. இத்தாலி ஒயின் என்றாலே வெளிநாடுகள் கதவைச் சாத்தின. ஏற்றுமதி படுத்தது.

'எத்தனை டிகிரி?' என்று மட்டும் கேட்கிற வியாபாரம் கடைசியில் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் தேவையில்லை. இத்தாலி விழித்துக்கொண்டது. அளவைக் குறை, தரத்தை ஏற்று, லேபிளில் யார் செய்தது, எந்த ஊர் என்பதைத் தைரியமாகப் போடு என்று காற்று திசை மாறியது. சின்னத் தோட்டக்காரர்களுக்கு முதல் தடவையாக மரியாதை வர ஆரம்பித்தது.

* * *

பதினாறு வயசில் பிடித்த பைத்தியம்

இப்போது கதாநாயகி என்ட்ரி.

'கோஸ்' ஜூஸ்தோ ஒக்கிபின்டியின் குடும்பத்துப் பெண் அரியானா. அவருக்கு இவர் 'ட்ஸியோ' முறை. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோருக்கும் இத்தாலியில் இந்த ஒரே வார்த்தைதான். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலை எவ்வளவு சுலபம் பாருங்கள்!

அரியானாவுக்குப் பதினாறு வயசு இருக்கும்போது, வெரோனா நகரில் வருஷா வருஷம் நடக்கும் 'வின்இத்தாலி' என்கிற பிரம்மாண்ட ஒயின் கண்காட்சிக்கு அழைத்துப் போனார் ஜூஸ்தோ. ஸ்டாலில் கூடமாட ஒத்தாசை. நாலு நாள் கிளாஸ் எடுத்து வைத்து, பாட்டில் திறந்து, தோட்டக்காரர்கள் பேசுவதைக் கேட்டதில் பெண்ணுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தீர்மானித்துவிட்டார், இதுதான் நம் தொழில் என்று.

மிலானில் போய் ஒயின் படிப்பு படித்தார். (ஆமாம், இதற்கும் படிப்பு உண்டு. சிரிக்காதீர்கள். கெமிஸ்ட்ரி கடுமையாக இருக்கும்.) அங்கே சொல்லிக்கொடுத்த ஒயின் பெரும்பாலும் லேப் சமாசாரம். பாக்கெட்டில் விற்கிற ஈஸ்டைப் போடு, புளிப்பு குறைந்தால் இதைச் சேர், நிறம் போதாவிட்டால் அதைச் சேர். எல்லாம் சட்டப்படியே. ஆனால் அப்படிச் செய்கிற ஒயினில் ஊர் எங்கே இருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

2004-ல் ஊருக்குத் திரும்பினார். கையில் ஒரு ஹெக்டேர். சீமாட்டி விட்டோரியா 1607-ல் தலைக்குக் கொடுத்த அதே அளவு!

அந்தச் சமயம் சிசிலியில் ஒரு ஃபேஷன் ஓடிக்கொண்டிருந்தது. பிரான்ஸ் நாட்டு கேபர்னே, மெர்லோ ஜாதிக் கொடிகளை நடுவது, புது ஓக் பீப்பாயில் வனிலா வாசம் ஏற்றுவது, கறுகறுவென்று கெட்டியாக ஒயின் பண்ணி அமெரிக்க விமரிசகர்களிடம் மார்க் வாங்குவது. மார்க் வந்தால் பணம் வரும். பிசினஸ் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் அந்தப் பக்கம்தான் போயிருப்பார்கள்.

அரியானா ஒக்கிபின்டி நேர் எதிர்ப் பக்கம் போனார். யாரும் கண்டுகொள்ளாத ஒல்லிப்பிச்சான் ஃப்ராப்பாட்டோவை எடுத்தார். அதற்கு முரடனின் துணைகூட வேண்டாம் என்று, தனியாக அதை மட்டும் வைத்து ஒரு ஒயின் செய்தார். பெயர்: 'இல் ஃப்ராப்பாட்டோ'. வேறு பெயரே தேவைப்படவில்லை.

* * *

இட்லி மாவு தத்துவம்

அவர் ஒயின் செய்கிற விதத்தைப் புரிந்துகொள்ள நம் வீட்டு அடுப்படிக்குப் போனால் போதும்.

இட்லி மாவை அரைத்து வைக்கிறோம். ஈஸ்ட் போடுகிறோமா? இல்லை. அரிசியிலும் உளுந்திலும் கூடவே வந்த நுண்ணுயிர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வேலை பார்த்து மாவைப் பொங்க வைத்துவிடுகின்றன. காலையில் பாத்திரத்தை விட்டு வழிந்து, மேடையெல்லாம் அபிஷேகம்! ஒவ்வொரு வீட்டு மாவுக்கும் ஒரு புளிப்பு, ஒரு வாசனை. அம்மா மாவு வேறு, மாமியார் மாவு வேறு. (இரண்டையும் ஒப்பிட்டு வாயைத் திறக்காமல் இருப்பது இல்லறத்துக்கு நல்லது.)

அதே கதைதான். திராட்சைத் தோலின் மேலேயும் ஒயின் கொட்டகையிலும் ஈஸ்ட் தானாகவே இருக்கும். பழத்தை நசுக்கி, தோலோடும் சாறோடும் சிமெண்ட் தொட்டியில் விட்டால் போதும், கொப்புளிக்க ஆரம்பித்துவிடும். சிவப்பு ஒயினுக்குச் சிவப்பு வருவது தோலிலிருந்துதான். சாறுக்குப் பெரும்பாலும் நிறமே கிடையாது. தோல்கள் மேலே மிதந்து வந்து தொப்பி மாதிரி மூடிக்கொள்ளும். அதை அடிக்கடி சாறில் முக்கி நனைக்க வேண்டும். சர்க்கரை தீர்ந்து ஆல்கஹால் ஆனதும் சாறை வடித்து, தோலைப் பிழிந்து, ஆற விடுவார்கள். 'இல் ஃப்ராப்பாட்டோ' பெரிய ஓக் பீப்பாயில் நிதானமாக ஆறும். பெரிய பீப்பாய் என்றால் மர வாசம் தூக்கலாக ஏறாது. திராட்சை பேசும், மரம் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

கேட்க சுலபமாக இருக்கிறதா? ரிஸ்க் அங்கேதான். இட்லி மாவு ஒருநாள் கெட்டுப்போனால் உப்புமா கிண்டிவிடலாம். (வீட்டில் எழும் முணுமுணுப்பு தனி.) திராட்சை வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். தொட்டியில் தப்பான கிருமி புகுந்தால் அந்த வருஷத்து ஒயின் முழுக்க வினிகர்தான்! இருபத்தைந்து வயசில் ஆரம்பித்து அறுபத்தைந்து வரை செய்தாலும் ஒருவருக்கு வாழ்நாளில் கிடைப்பது நாற்பது சான்ஸ்தான். நாம் ஒரு வருஷத்தில் அதைவிட அதிகமாக ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதுகிறோம்!

பாக்கெட் ஈஸ்ட் என்பது இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரி. அதை வேண்டாம் என்பவர் ராத்தூக்கத்தைப் பணயம் வைக்கிறார். அதனால்தான் இந்த முறையில், தோட்டத்திலிருந்து வரும் பழம் சுத்தமாக, ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்பதில் பாதி வேலை போய்விடுகிறது. ரசாயன உரம், களைக்கொல்லி கிடையாது. வரிசைகளுக்கு நடுவே பயறு வகைச் செடி போட்டு, மண்ணோடு மடக்கி உழுதுவிடுவது. நம் ஊர் தாத்தாக்கள் வயலில் கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் மடக்கி உழுததுதான்.

* * *

ஜாடி சொல்லும் சேதி

இதற்கிடையில் 'கோஸ்' நண்பர்கள் இன்னும் பின்னோக்கிப் போனார்கள். ஒரு காலத்தில் அவர்களும் ஓக் பீப்பாய் மோகத்தில் இருந்தவர்கள்தான். 2000-ல் ஸ்பெயினிலிருந்து பெரிய பெரிய மண் ஜாடிகளை வரவழைத்து, தரையில் கழுத்துவரை புதைத்து, அதில் ஒயினைப் பொங்க வைத்தார்கள். ஒயினுக்குப் பெயர் 'பித்தோஸ்'. கிரேக்கத்தில் பெரிய ஜாடி என்று பொருள்.

பைத்தியக்காரத்தனமா? இல்லை. விட்டோரியாவுக்குப் பக்கத்துக் கடற்கரையில் கமரீனா என்று பழைய கிரேக்க நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. பீப்பாய் பரவுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே ஒயின் மண் கலத்தில்தான் இருந்தது.

அந்த மாதிரிக் கலங்கள் நம் கரைக்கும் வந்தவைதான், சார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இரண்டு கைப்பிடி வைத்த ஆம்ஃபோரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. இத்தாலி ஒயினும் கிரேக்கத் தீவுகளின் ஒயினும் வந்த ஜாடிகள்! அவற்றில் கணிசமானவை கிரேக்கத்தின் 'கோஸ்' தீவு பாணி ஜாடிகள். சிசிலி நண்பர்களின் இனிஷியலும் அதுவாகவே அமைந்தது தற்செயல்தான். பாண்டிய மன்னனுக்கு யவனர் கொண்டுவந்த மணமுள்ள மது பரிமாறப்பட்டதைப் புறநானூறும் குறித்து வைத்திருக்கிறது. ஆக, இத்தாலி ஒயின் நமக்கு நேற்று வந்த விருந்தாளி இல்லை. இரண்டாயிரம் வருஷத்துப் பழைய பாக்கி!

* * *

ஒல்லிப்பிச்சானின் வெற்றி

சரி, அப்படி என்னதான் இருக்கிறது இந்த ஃப்ராப்பாட்டோவில்?

கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற சிவப்பு. கிட்டத்தட்ட மாதுளம்பழச் சாறு நிறம். வெயில் கொளுத்துகிற ஊரின் சரக்கு என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீர்கள். அத்தனை லேசு, அத்தனை குளுமை. அதற்குக் காரணம் மண்ணும் காற்றும். மேலே சிவப்பு மணல், அடியில் சுண்ணாம்புக் கல். கடலிலிருந்து ஒரு காற்று, மலையிலிருந்து ஒரு காற்று. பகலில் வறுத்தாலும் ராத்திரி ஆற்றிவிடும். அதனால் பழத்தில் சர்க்கரையோடு புளிப்பும் தங்குகிறது. டேங்கர்க்காரர்கள் சிசிலியில் வெயிலை மட்டும்தான் பார்த்தார்கள். காற்றைப் பார்க்கவில்லை.

முரட்டு ஒயினில் சலித்துப்போயிருந்த நியூயார்க், லண்டன், டோக்கியோ ரசிகர்கள் இதைக் குடித்துப் பார்த்தார்கள். 'சிசிலியா? இப்படியா?' என்று புருவத்தைத் தூக்கினார்கள். ஒரு ஹெக்டேர் வளர்ந்தது. புதுத் தோட்டம், புதுக் கொட்டகை. பக்கத்தில் பல சின்னத் தயாரிப்பாளர்கள் ஃப்ராப்பாட்டோவைத் தனி ஒயினாக வெளியிட ஆரம்பித்தார்கள். 2005-ல் செர்ரி நிறத்தாளுக்கு இத்தாலியின் உச்சபட்ச ஒயின் முத்திரையும் கிடைத்தது. சிசிலியிலேயே அந்த முத்திரையை முதலில் வாங்கியது இவள்தான்.

மற்றவர்களின் பலவீனத்தை மறைக்க உபயோகப்பட்டுக்கொண்டிருந்த ஊர், தன் சொந்தக் குரலில் பேச ஆரம்பித்தது. அதுவும் எதை வைத்து? இத்தனை நாள் 'பலவீனம்' என்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்றை வைத்து!

ஆனால்...

எல்லாம் சுபம் என்று வணக்கம் போட்டுவிட முடியாது. 2021 ஆகஸ்ட் 11 அன்று சிசிலியில், சிராகூசா பக்கம் வெப்பம் 48.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ஐரோப்பாவிலேயே பதிவான உச்சம். (நம் வேலூர்க்காரர்கள்கூட எழுந்து நின்று வணக்கம் வைக்கலாம்.) 2023-ல் மழை தப்பான நேரத்தில் பெய்து, பூஞ்சை நோய் வந்து, தீவு முழுக்க விளைச்சல் படுத்தது. 2024-ல் கடும் வறட்சி. ரசாயனத்தைத் தொடமாட்டேன் என்கிற சின்னத் தோட்டக்காரருக்கு இதெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கிற சமாசாரம். வெயில் மேலும் ஏறினால் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் டிகிரி ஏறும். மறுபடியும் அதே முரட்டு ஒயின். எந்த வலையிலிருந்து தப்பி வந்தார்களோ, அதே வலையை இப்போது ஆகாயம் விரிக்கிறது. சீக்கிரம் அறுவடை, உயரமான இடத்தில் தோட்டம், இலை நிழல் என்று போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

* * *

பெட்டிச் செய்தி: தெரியாத்தனமாகக் கேட்கிறேன்...

*ஒயின் உடம்புக்கு நல்லதாமே?*
இந்தப் பாட்டைப் பாடித்தான் பலர் ஆரம்பிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆல்கஹாலில் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதும் நிரூபணமானது. சிவப்பானாலும் வெள்ளையானாலும் இத்தாலியானாலும் கதை அதுவே. குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம்.

*பிராந்திக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?*
நம் கடைச் சரக்கில் 42.8 சதவிகிதம் ஆல்கஹால். ஃப்ராப்பாட்டோவில் சுமார் 12, 13. பிராந்தியைக் காய்ச்சி வடிக்கிறார்கள். ஒயின் வெறுமனே புளித்தது. இதில் சோடாவை ஊற்றிக் கேட்டால் இத்தாலிக்காரர் அழுதுவிடுவார்.

*ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு திராட்சை?*
750 மில்லிக்கு ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ. நம் மார்க்கெட்டில் வாங்கும் சாப்பாட்டுத் திராட்சை பொதுவாக ஆகாது. ஒயின் ஜாதியே வேறு. பழம் சின்னது, தோல் தடிமன், இனிப்பு அதிகம்.

*சிவப்பு ஒயினை 'ரூம் டெம்பரேச்சரில்' வைக்கணுமாமே?*
ஐரோப்பா ரூம், சார்! சென்னை மே மாத ரூம் இல்லை. ஃப்ராப்பாட்டோ மாதிரி லேசான ஒயினை 14, 15 டிகிரிக்குக் குளிரவைத்துத்தான் பரிமாறுகிறார்கள்.

* * *

கடைசியாக ஒரு லேபிள் சமாசாரம்.

அரியானா ஒக்கிபின்டி இன்னொரு சிவப்பு ஒயினும் செய்கிறார். ஒல்லிப்பிச்சான் ஃப்ராப்பாட்டோவும் முரடன் நேரோ தாவோலாவும் சேர்ந்தது. அதற்குப் பெயர் வைக்க வேண்டும். இத்தாலியில் பொதுவாக இந்த மாதிரி சமயத்தில் ஒரு கோட்டையின் பெயர், ஒரு பிரபுவின் பெயர், குறைந்தபட்சம் ஒரு புனிதரின் பெயராவது வரும்.

இவர் வைத்த பெயர் 'எஸ்.பி.68'.

ஏதோ ராக்கெட் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தோட்டத்தை ஒட்டிப் போகிற சாலையின் நம்பர் அது. மாகாண நெடுஞ்சாலை எண் 68. நம் ஊர்க் கணக்கில் மைல்கல்லில் எழுதியிருக்குமே, யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோமே, அந்த மாதிரி சமாசாரம்.

ஒரு காலத்தில் இந்த ஊர் ஒயின் சாலை வழியாகக் கிளம்பினால் போகிற இடத்தில் பேரைத் தொலைத்துவிடும். இப்போது சாலையே பேராகி, பாட்டிலில் ஏறி உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது!